அம்மாவின் முதுகுவலிக்கு ஏற்ற படுக்கை

கோத்தகிரியில் மார்கழிக் குளிர் இறங்கினால் நல்ல முதுகே விறைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எஸ்டேட்டில் பல வருஷம் கொழுந்து பறித்தவர். படுத்தால் வலி, புரண்டால் இன்னும் வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், முறிவு இல்லை, தேய்மானம்தான் என்று சொல்லி பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டு வைக்கச் சொன்னார் அந்தப் பெண். காலை நீட்டிப் படுத்தால் கீழ்முதுகு வளைந்து இழுபடும். முட்டி லேசாக மடங்கினால் அந்த இழுப்பு தளரும். சாதாரணத் தலையணை அமுங்கிப் போனதால் பழைய புடவைகளைச் சுருட்டி உறை தைத்துக் கொடுத்தேன். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே, முட்டியிலிருந்து கணுக்கால் வரை தலையணை வேண்டும். இல்லாவிட்டால் மேல்கால் சரிந்து இடுப்பை முறுக்கிவிடும்.

தலைக்கு வைப்பதில்தான் ஆளாளுக்கு ஒரு யோசனை. "முதுகுவலிக்காரங்க தலையணையே வைக்கக் கூடாது" என்றார்கள் அக்கம்பக்கத்தில். அம்மாவுக்கு மேல்முதுகு கூன் விழுந்திருக்கிறது. தலையணை இல்லாமல் மல்லாந்தால் தலை பின்னால் தொங்கி கழுத்து வலிக்கும். அவருக்குச் சற்று உயரமானதுதான் சரி.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது போர்வை. இரண்டு கம்பளி, அதன் மேல் ரஜாய் என்று அடுக்கினால் வயதானவர்கள் அந்தப் பாரத்தோடு புரளவே முடியாது. கம்பளி வேறு நைட்டியைப் பிடித்து இழுக்கும். புரள முடியாமல் ஒரே பக்கம் கிடந்தால் விறைப்பு கூடத்தானே செய்யும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு லேசான ரஜாய் ஒன்று மட்டும் வைத்தோம். படுப்பதற்கு முன் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையால் மெத்தையைச் சூடாக்கிவிட்டு, பையை வெளியே எடுத்துவிடுவேன். வயதான தோலுக்குச் சூடு உறைக்கத் தாமதமாகும். தூக்கத்தில் தோல் பொத்துவிட்டால் கூடத் தெரியாது.

அப்புறம் எழுந்திருப்பது. "பாட்டி, நேரா எழாதீங்க. மரக்கட்டை உருளுற மாதிரி தோளையும் இடுப்பையும் சேர்த்து ஒரு பக்கமா திரும்புங்க. காலைக் கீழே விட்டுக்கிட்டே கையை ஊன்றி எழுங்க" என்று பிசியோதெரபிஸ்ட் செய்தே காட்டினார். கட்டில் தாழ்வாக இருந்ததால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினோம். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், அதுதான் அளவு. ராத்திரி பாத்ரூம் போக இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

வலி முழுக்கப் போய்விடவில்லை. விடியற்காலை விறைப்பு இருக்கிறது. முட்டியை மடக்கி இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்துவிட்டுத்தான் எழுகிறார். ஆனால் தூங்குகிறார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கால் திடீரென்று பலம் இழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலோ அது தலையணையால் தீர்கிற விஷயமில்லை. மலை ரோடு, இருட்டிவிட்டது என்று விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.