போலந்து பொறுத்துப் போயிருந்தால்?

1830 நவம்பரில் வார்சாவின் ராணுவப் பள்ளி மாணவர்கள் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்காமல் இருந்திருந்தால்? ரஷ்ய ஜார்தான் மன்னர் என்றாலும், 1815 அரசியல் சாசனப்படி போலந்துக்கென்று நாடாளுமன்றம், தனி ராணுவம் எல்லாம் இருந்தன. எழுச்சி தோற்றதும் அத்தனையும் போயிற்று. வார்சா பல்கலைக்கழகத்தைக்கூட இழுத்து மூடினார்கள். நகரத்தை மிரட்ட ஒரு கோட்டை எழுப்பி, அந்தச் செலவையும் போலந்துக்காரர்கள் தலையிலேயே கட்டினார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, அடங்கிப் போயிருந்தால் தப்பித்திருக்குமா? ரஷ்ய ஜாரின் கீழேயே இருந்த பின்லாந்து அப்படித்தான் அடங்கி இருந்தது. 1860இல் சொந்த நாணயம்கூடக் கிடைத்தது. ஆனால் 1899இல் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் அதன் உரிமைகளிலும் கை வைத்தார். போலந்துக்கு அவ்வளவு காலம்கூட விட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எழுச்சிக்கு முன்பே, 1819இல், பத்திரிகைத் தணிக்கை வந்துவிட்டது. அப்புறம் 1825இல் நாடாளுமன்ற விவாதங்களைப் பொதுமக்கள் கேட்கவும் தடை.