அப்பாவின் சுகர் மாத்திரையும் பெரியப்பாவின் ஃபைலும்

நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி. ஊர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். போன வருடம் லீவுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் அப்பா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டது தெரிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் அக்கா மாதா மாதம் வீட்டுக்கே வந்து மெட்ஃபார்மின் கொடுத்துவிட்டுப் போகிறார். அவ்வளவும் பிஸ்கட் டப்பாவுக்குள் அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடந்தது. பக்கத்திலேயே, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து வரவழைத்த பொடி டப்பா. ஒரு மண்டலம் சாப்பிட்டால் சுகர் வேரோடு போய்விடுமாம், மாத்திரையோ கிட்னியைத் தின்றுவிடுமாம்.

பயந்துபோய், படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல்" என்றார் சித்தி. மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான் என்றேன். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியை ஆராய்ந்துதான் இந்த வகை மருந்துகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். ஆர்வமாகக் கேட்டார்கள், ஆனால் அப்பா மாத்திரையைத் தொடவில்லை. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். "சட்டத்துல ஆயிரம் இருக்கும்மா" என்றார் அப்பா.

ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் கேட்டேன்: "கிட்னி போயிரும்னு ஏம்ப்பா இவ்வளவு உறுதியா நம்புறீங்க?"

"உங்க பெரியப்பாவைப் பார்த்தேல்ல? உப்பு ஏறிருச்சுன்னு சொன்ன அன்னைக்கே, டாக்டரே அந்த மாத்திரையை நிப்பாட்டச் சொல்லிட்டாரு. நல்ல மாத்திரைன்னா எதுக்கு நிப்பாட்டணும்?"

பெரியப்பா டயாலிசிஸில் இருந்து இறந்தவர். அண்ணனுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அப்பா. வீடியோ அந்தப் பயத்துக்கு ஒரு காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பயத்தைத் தொடாமல் நான் எவ்வளவு பேசினாலும் அவர் காதில் ஏறப்போவதில்லை.

மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பீரோவிலிருந்து பெரியப்பாவின் ஃபைலை எடுத்து, சீட்டுகளைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பினேன். பல வருடமாக சுகர் 280, 310. பிரஷர் 170-க்கு மேல். நடுவில் ஒரு யூரின் ரிப்போர்ட்டில் ஆல்புமின் இரண்டு பிளஸ்; கிட்னி பழுதாகத் தொடங்கினால் சிறுநீரில் கசிகிற புரதம் அது. அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் கிரியாட்டினின், அதாவது அப்பா சொன்ன அந்த 'உப்பு', ஏறுகிறது. அதற்கும் பிறகுதான் மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்ன சீட்டு வருகிறது.

அந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறும். கிட்னி ரொம்பவும் தளர்ந்துவிட்டால் மருந்து உடம்பிலேயே தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் நிறுத்துகிறார்கள். கிட்னியைக் கெடுத்தது கட்டுக்குள் வராத சுகரும் பிரஷரும். இதைச் சொன்னதும் அப்பா சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய்க்கால் அடைச்சா மோட்டாரை நிப்பாட்டுவோம். அதுக்காக மோட்டாரா அடைச்சது?" என்று அவரே சொன்னார்.

பெரியம்மா அழுதார். "நான்தானே தெனமும் அந்த மாத்திரையை எடுத்துக் கையில குடுத்தேன். நானே கொன்னுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். இத்தனை வருடமாக அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்த மாதிரி வீடியோ எடுப்பவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதனால்தான். "நீங்க குடுத்த மாத்திரை அவரைக் காப்பாத்தத்தான் பார்த்துச்சு பெரியம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்த வாரமே அப்பாவை லேபுக்குக் கூட்டிப்போனேன். மூணு மாச சுகர் (HbA1c) 9.8, ரொம்ப அதிகம். ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால், இந்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். பொடி சாப்பிட்ட மண்டலம் முழுக்க அந்தக் கணக்குக்குள் அடக்கம். கிரியாட்டினின் 0.9, உப்பு ஏறவில்லை. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் 42; அது 30-க்குள் இருக்க வேண்டும். பெரியப்பாவின் ஃபைலில் பார்த்த அதே ஆல்புமின் என்றதும், அப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மெட்ஃபார்மினைத் திரும்ப ஆரம்பித்தார். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று ஆல்புமினை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எங்கும் இல்லை, அதனால் அது வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அப்பா காலையில் குடிக்கும் வெந்தயத் தண்ணீரை மட்டும் தடுக்கவில்லை, அதனால் அவருக்குக் கெடுதல் இல்லை. குரூப்பில் மருந்து பற்றி ஏதாவது வந்தால் இப்போது அப்பா முதலில் எனக்கு அனுப்பி, "இது நெசமாம்மா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியாததை எங்கள் பேராசிரியர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கடைசியாக எடுத்த மூணு மாச சுகர் 7.4. அடுத்த மாதம் ஆல்புமின் பார்க்கப் போகும்போது பெரியம்மாவும் வருகிறார். அவர் இதுவரை ஒரு தடவைகூட சுகர் பார்த்துக்கொண்டதில்லை.