புலியைப் பெட்டியில் ஏற்றும் வேலை

கூண்டில் கிடக்கும் புலி, சிங்கங்களை மீட்கும் குழுவில் வேலை செய்கிறேன் என்றதும் பலர் கேட்பது மயக்க ஊசித் துப்பாக்கியைப் பற்றித்தான். எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவீர்கள், எத்தனை நிமிடத்தில் விழும்? நாங்களோ ஊசியே போடாமல் ஏற்றினால்தான் வேலை நன்றாக முடிந்தது என்போம். கூண்டிலேயே பிறந்து கிழடாகிப்போன சிங்கத்தின் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மயக்கத்தில் உடல் சூடு ஏறலாம், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கலாம், எழாமலேயே போகலாம். அவகாசம் கிடைக்கும் இடங்களில் எல்லாம் விலங்கு தானாக நடந்துவந்து பெட்டிக்குள் ஏறும்படி பழக்குகிறோம்.

பயணப் பெட்டியைக் கூண்டு வாசலோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்தே வைப்போம். இறைச்சியை முதலில் வாசலில் போடுவோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. முன்னங்கால்கள் சீக்கிரமே வந்துவிடும். பின்னங்கால்களை வெளியே ஊன்றிக்கொண்டு, உடம்பை நீட்டி, துண்டைக் கவ்விக்கொண்டு பின்வாங்கிவிடும். நாலு காலும் உள்ளே வந்த அன்றே கதவை இறக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். இறக்கக் கூடாது. கதவு இறங்கும் சத்தமும், அது மறுபடி திறந்துவிடும் என்பதும் விலங்குக்குப் பழக்கமாக வேண்டும். ஒருமுறை மிரண்டால் அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பாது.

ஒரு பெண்புலி நினைவுக்கு வருகிறாள். என்னைக் கண்டால் மூக்கால் ‘ஃப்ர்ர்’ என்று காற்றைவிடுவாள். அது புலிகளின் சிநேகக் குரல், சிங்கத்திடம் கிடையாது. இவ்வளவு பழகியவள் பெட்டி விளிம்பில் மட்டும் பாதத்தை வைப்பதும் எடுப்பதுமாக நின்றாள். நகம் பிடுங்கப்பட்டவள். நகம் பிடுங்குவது என்றால் விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. அப்படிச் செய்த விலங்குகள் பல ஆயுளுக்கும் வலியோடு நடக்கும். பெட்டியின் தரையோ இரும்புத் தகடு. எங்கள் மருத்துவர் பாதத்தைப் பார்த்துவிட்டு, வைக்கோலைக் கனமாகப் பரப்பச் சொன்னார். அன்று சாயங்காலம் உள்ளே போய்ப் படுத்தே விட்டாள்.

பெட்டியில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். காகிதம் சரியாக இருந்தால்தான். 2019இல் இத்தாலியிலிருந்து ரஷ்யாவின் தாகெஸ்தானுக்கு லாரியில் கொண்டுபோன 10 புலிகள், ஆவணக் குளறுபடியால் போலந்து–பெலாரஸ் எல்லையில் நாள்கணக்கில் நின்றன. ஒன்று அங்கேயே செத்தது. மற்றவற்றைப் போலந்தின் உயிரியல் பூங்காக்கள் ஏற்றுக்கொண்டன. ‘இந்த முத்திரையும் வேண்டுமா?’ என்று யாராவது சலித்துக்கொண்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆனால் என்னைக் கேட்டால், வண்டியை அனுப்பும் முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் இறக்கப்போகும் இடம்தான். இந்தியாவில் சர்க்கஸ்களில் புலி, சிங்கத்தைக் காட்டக் கூடாது என்று 1998இல் அறிவிக்கை வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சர்க்கஸ் விலங்குகள் போய்ச் சேர வண்டலூர், பன்னேர்கட்டா போன்ற இடங்களில் மீட்பு மையங்கள் தேவைப்பட்டன. பொலிவியா 2009இல் சர்க்கஸ் விலங்குகளைத் தடைசெய்தது. 2011இல் அங்கிருந்து 25 சிங்கங்கள் அமெரிக்காவின் கொலராடோவுக்குப் பறந்தன. அங்கே பரந்த வெளி தயாராக இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப் புலிகளை வளர்த்த தாய்லாந்தின் ‘புலிக் கோயில்’ என்ற புத்த மடத்தில் 2016இல் பறிமுதலான நூற்றுக்கும் மேற்பட்ட புலிகளின் கதை வேறு. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துப் பெருக்கியதால் ஏற்கெனவே பலவீனமான அவை நெருக்கமான கூண்டுகளுக்குப் போயின. சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் இறந்துவிட்டன. பறிமுதல் செய்த அன்று அதுவும் வெற்றியாகத்தான் தெரிந்தது.

அதனால் ஒரு சரணாலயத்தைப் பார்க்கப் போனால் அதன் பரப்பளவை நான் கடைசியில்தான் கேட்பேன். குட்டி போட விடுகிறீர்களா, ஆட்கள் தொட்டுப் படமெடுக்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் அது இன்னொரு காட்சிக்கூடம்தான். குட்டி பிறக்காமலிருக்க ஆண் சிங்கத்துக்கு விரையை நீக்கினால் பிடரி மயிர் உதிர்ந்துவிடும் என்பதால் நல்ல இடங்களில் விந்துக்குழாயை மட்டும் வெட்டுவார்கள். வெள்ளைப் புலி கேட்டு வருகிறவர்களும் உண்டு. இன்று கூண்டுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1951இல் மத்திய இந்தியாவின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே வெள்ளைக் குட்டியின் வழிவந்தவை. சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, மாறுகண் சாதாரணமாகிவிட்டது. அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

‘நேரே காட்டில் விட்டால் என்ன?’ என்றும் கேட்பார்கள். வேட்டையைக் குட்டி தாயோடு திரிந்துதான் கற்றுக்கொள்கிறது. இவற்றுக்கு அந்தத் தாய் கிடைக்கவில்லை. மனிதரிடம் பயமும் இல்லை. பசித்தால் ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். ஆகவே கடைசிவரை நாம்தான் சோறு போட வேண்டும். வளர்ந்த புலிக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ இறைச்சி, எலும்போடு. பராமரிப்பு நன்றாக இருந்தால் 20 வயதுவரைகூட இருக்கும். பெட்டி திறக்கும் அன்றைக்கு நன்கொடையோடும் கேமராவோடும் வருகிறவர்களிடம் அடுத்த வருடத்து இறைச்சிக்கும் சேர்த்துத் தரமுடியுமா என்று கேட்டுவிடுவேன். சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருவார்கள்.