4294967297: கொப்பியில் உடைத்துப் பார்த்த ஓர் எண்

இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. 32க்குப் பதிலாக 1, 2, 4, 8, 16 என்று போட்டால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தம்மாலும் மட்டுமே வகுபடுபவை. ஆகவே இதுவும் முதன்மை எண்ணாகத்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணிதவியலாளர் ஒய்லர் அந்த எண்ணைக் காரணிகளாக உடைத்தார். கல்குலேற்றரைத் தொடாமல் நானும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று கனநாள் ஆசை.

கொக்குவில் வீட்டு விறாந்தையில் சதுரக்கோட்டுக் கொப்பியோடு இருந்தேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மருமகன் எட்டிப் பார்த்தான். “மாமா, வர்க்கமூலம் 65536க்குக் கிட்ட வருது. அதுக்குள்ள இருக்கிற முதன்மை எண் எல்லாத்தாலயும் வகுக்கப் போறியளோ?” நல்ல கேள்வி. அப்படிப் போனால் 6542 எண்கள்.

ஒய்லரின் வழி அந்தப் பாரத்தை இறக்கிவிடுகிறது. இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. நீண்ட வகுத்தலும் தேவையில்லை. 65536இன் வர்க்கம்தான் இரண்டின் 32ஆம் வலு. 65536ஐ வகுத்து, வந்த மீதியை வர்க்கித்துத் திரும்ப வகுத்து, ஒன்றைக் கூட்டினால் போதும். முதல் நான்கிலும் மீதி 109, 2, 325, 288. அப்புறம் 641. 65536ஐ வகுக்க மீதி 154. அதன் வர்க்கம் 23716, மீதி 640. ஒன்றைக் கூட்ட 641. மீதி இல்லை! மருமகனும் பேனையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டான்.

இதைவிட அழகானது, வகுக்காமலே காட்டும் வழி. 640 என்பது 5 × 2⁷. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதியை −1 என்று எடுக்கலாம். நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. மறுபக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருந்த இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³²இன் மீதி 1 என்றாகிறது. 2³² + 1க்கு மீதி பூச்சியம். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியதில் முழு நிறுவலும் வந்துவிட்டது. இதை ஏன் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டவில்லை என்று உண்மையாகவே ஆதங்கமாக இருந்தது.

மற்றக் காரணி 6700417. அதையும் விடவில்லை. 1878இல் கணிதவியலாளர் லூக்கா அந்த 64ஐ 128 ஆக இறுக்கிவிட்டார். ஆகவே 6700417இன் வர்க்கமூலத்துக்குக் கிட்ட, 2588 வரை, பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. சரி, முதன்மை எண்தான்.

அடுத்தது இரண்டின் 64ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 18446744073709551617. 1880இல் லாண்ட்ரி கண்ட காரணி 274177. அதைச் சரிபார்க்கும் வர்க்கங்களை மருமகன் தன் கொப்பியில் தொடங்கிவிட்டான்.