குருசடைத் தீவில் யார் யாருக்குச் சொந்தம்?

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைப் பார்த்த கையோடு, குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். வனத்துறை படகு விடுகிறது. பங்குனி வாக்கில் போனால் தண்ணீர் தெளிந்து கிடக்கும். ஆடியில் காற்று மாறினால் இந்தத் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கத்து வடகடல்தான் அமைதியாக இருக்கும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

போகும்போது படகோட்டி அண்ணன் கடலைப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது பவளப் பாருங்க, அந்தப் பக்கம் மணலு, அதுக்கு அப்பால புல்லு." எந்தத் தரையில் எது கிடைக்கும் என்பதுதான் அவர் கணக்கு. பாறை மீன் பாரில், அதாவது பவளப்பாறைத் திட்டில்; சங்கு மணலில்; ஆவுளியா என்கிற கடல் பசு புல்லில். கடலை வாழிடமாகப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

விஞ்ஞானிகளிடம் வேறு கணக்கு இருக்கிறது. நீரோட்டத்தோடு போகிறவை மிதவை உயிரிகள், எதிர்த்து நீந்துகிறவை நீந்துயிரிகள், தரையோடு வாழ்கிறவை கடலடி உயிரிகள். முதல் வகைக்கு 1887-இல் ஹென்சனும் மற்ற இரண்டுக்கும் 1890-இல் ஹெக்கலும் பெயர் வைத்தார்கள். இதில் உடம்பின் அளவு பொருட்டே இல்லை. எவ்வளவு பெரிய சொறிமீனும் (ஜெல்லி மீன்) நீரோட்டத்தை வெல்ல முடியாததால் மிதவைதான். ஒரே உயிர் வயதுக்கு ஏற்ப வகை மாறுவதும் உண்டு. பாறையாக உறைந்து நிற்கும் பவளமும், மணலில் ஊரும் கடல் அட்டையும் குஞ்சுப் பருவத்தில் மிதந்து திரிந்தவை. கடல் சூட்டில் வெளுத்து அழிந்த ஒரு பார் மறுபடி உயிர்பெறுவதற்கு, வேறு பார்களில் இருந்து மிதந்து வரும் இந்தக் குஞ்சுகளும் ஒரு வழி.

சங்குக்கு அந்த வசதி இல்லை. அது இடும் முட்டைக்கூட்டில் இருந்து குட்டிச் சங்குகளே நேராக வெளியே வந்து ஊர ஆரம்பித்துவிடும். ஓரிடத்தில் சங்கை அரித்து எடுத்துவிட்டால், தூரத்தில் இருந்து நீரோட்டம் புதிய குஞ்சுகளைக் கொண்டுவந்து போடாது. அதனால்தான் சிறு சங்கை எடுக்கவே கூடாது என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது கணக்கு உறவுமுறை. குருசடையின் பெயர் விலங்கியல் பாடத்தில் வருவதே பலனோகிளாசஸால்தான். மணலில் வளை தோண்டி வாழும் மெல்லிய உயிர். பார்த்தால் புழு என்றுதான் சொல்வோம். ஆனால் அதன் தொண்டையில் செவுள் துளைகள் உண்டு. வம்சாவளிப்படி அது மண்புழுவை விட நமக்குத்தான் நெருக்கம்! ஈரமணலில் நடக்கும்போது இந்த நினைப்பு வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தக் கணக்கில் பவளமும் சொறிமீனும் ஒரே குடும்பத்தார். இரண்டுக்கும் கொட்டும் செல்கள் உண்டு. கடல் அட்டைக்கு நட்சத்திர மீன் பங்காளி. கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்புல்லைப் பலரும் பாசி என்கிறார்கள். அது பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள தாவரம், பூப்பதும் நீருக்குள்ளேயே. அதை மேயும் ஆவுளியாவோ திமிங்கிலத்துக்கு உறவில்லை, யானைக்கு உறவு.

கரையெங்கும் பவளத் துண்டுகள் கிடக்கும். 2001-இல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டன. ஒரு துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள்.

அப்புறம், நேரம் இருந்தால் முதலில் மண்டபத்துக்குப் போங்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்பு தலைமையகமாக இருந்த ஊர் அது. தலைமையகம் பின்னால் கொச்சிக்குப் போனாலும் மண்டப மையம் தொடர்ந்து இயங்குகிறது. அங்குள்ள காட்சியகத்தில் இந்த உயிர்களைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் தீவுக்குப் போனால், படகோட்டி கை நீட்டும் இடத்தில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.