எண்பதுக்கு இருபது

எங்கள் வீட்டுக்கு ரொபஸ்டா வகைக் காபிதான். கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்து, நூற்றுக்கு இருபது சிக்கரி கலந்து சூடாகக் கட்டித் தருவார் கடைக்காரர். மாமியாருக்கு, பழத்துக்கு ஒற்றைக் கொட்டையாக விளையும் பீபரிதான் உசத்தி. கடுங்காப்பிக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பால் ஊற்றிக் குடிக்க அந்த விலை எதற்கு? பாலையும் சர்க்கரையையும் மீறி நிற்க ரொபஸ்டாவின் கசப்பு வேண்டும். சிக்கரி, ஒரு செடியின் வறுத்த வேர். காஃபீன் கிடையாது, டிகாஷனுக்கு நிறமும் திடமும் தரும். தூளும் குறைவாகவே பிடிக்கும். பாக்கெட் வாங்குகிறவர்கள் விகிதத்தைப் படியுங்கள்: கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நான் இருநூறு கிராமுக்கு மேல் வாங்குவதில்லை, மணம் போய்விடும்.