பிளெண்டரில் பின்கொசுவம்: கண்டாங்கி கட்டிப் பார்த்த அனுபவம்

முப்பரிமாண மனித உருவங்களுக்குச் சட்டை, கவுன், பேண்ட் மாட்டிவிடுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. துணியைத் துண்டு துண்டாக வரைந்து, ஓரங்களைத் தைத்து, உடம்பைச் சுற்றி விட்டால் மீதியை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் எல்லாரும் தையல் ஆடைகளை மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள். சேலைக்கோ வெட்டும் கிடையாது, தையலும் கிடையாது. எதை முதலில் மடித்தோம், எதை மேலே சுற்றினோம், எங்கே செருகினோம் என்ற வரிசைதான் அதற்கு உருவம் கொடுக்கிறது. அந்த வரிசையைக் கணினிக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்பதுதான் கொஞ்ச காலமாக என் ஓய்வு நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

செய்ய நினைத்தது சின்ன அனிமேஷன்தான். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் முகப்பிலிருந்து வயதான ஒரு பெண்மணி நடு முற்றமான வளவுக்குள் நடந்து வர வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல், உடம்பில் கண்டாங்கி. கண்டாங்கி எங்கள் ஊர்க் கைத்தறிச் சேலை. தடித்த பருத்தி நூல், பெரிய கட்டம், அகலமான கரை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லாச் சேலையையும் போல முன்கொசுவம் வைத்துத்தான் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் பின்கொசுவம் வைத்துக் கட்டுவது அப்பத்தா மட்டும்தான். கண்டாங்கி என்றால் எனக்கு அந்தக் கட்டுதான் வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. போசர் மென்பொருளில் 2002இலேயே துணியின் அசைவைக் கணக்கிடும் துணி அறை என்று ஒன்று வந்துவிட்டது. அதேபோன்ற டாஸ் ஸ்டுடியோவில் 2017இல் டிஃபோர்ஸ் என்ற துணி சிமுலேஷன் (துணி எப்படி விழும், அசையும் என்று கணக்கிடும் வசதி) வந்தது. அதற்கு முன்னால் அங்கே பெரும்பாலும் எலும்போடு சேர்ந்து அசையும் ஆடைகள்தான். கை தூக்கினால் சட்டையும் தோல் மாதிரி கூடவே இழுபடும். நான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இலவசம், எதையும் உள்ளே போய் மாற்றலாம், அதைவிட முக்கியமாக எனக்குப் பழகியது. பெண்மணியின் உருவம் மேக்ஹியூமன் என்ற மனித உருவம் செய்யும் மென்பொருளில் செய்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏற்றுமதி செய்யும்போது அலகை மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். அது தானாக டெசிமீட்டரில் இருக்கும். பிளெண்டருக்குள் ஆள் பத்து மடங்கு உயரமாக வந்து நிற்பார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, துணிக்குத் தெரியும். பதினைந்து மீட்டர் உயரத்தில் தொங்கும் துணி எப்படி விழுமோ அப்படித்தான் மெதுவாக விழும்.

அலமாரியிலிருந்த பழைய கண்டாங்கி ஒன்றை நாடா வைத்து அளந்தேன். நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.15. கணினியில் இதே அளவுத் துணியை 2 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தேன். கொசுவம் வரும் பகுதியில் மட்டும் நீளவாக்கில் 1 செ.மீ. மொத்தம் சுமார் 20,000 புள்ளிகள். முழுச் சேலையையும் 1 செ.மீ. ஆக்கினால் 63,000 தாண்டும், என் கணினிக்கு அது ஆகாது. இங்கே ஒரு வேடிக்கை. பிளெண்டரில் எடை என்பது ஒரு புள்ளிக்கான எடை. பருத்திக்கென்று வைத்திருக்கும் அளவு 0.3 கிலோ. கணக்குப் போட்டால் என் சேலை 6 டன்! அதற்காகப் பயப்பட வேண்டாம். புள்ளிகளை இணைக்கும் சுருள்களின் விறைப்பும் அதற்கேற்பத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விறைப்பை மாற்றாமல் புள்ளிகளை மட்டும் கூட்டினால் துணி ரப்பர் மாதிரி நீளத் தொடங்கும். கூட்டும்போதெல்லாம் விறைப்பையும், ஒரு ஃபிரேமுக்கான (அனிமேஷனின் ஒவ்வொரு தனிப் படத்துக்கான) கணக்குப் படிகளையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் 5 ஆக இருந்த படிகள் இப்போது 12.

கண்டாங்கியை எடுத்ததில் நான் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. அதன் கட்டங்களே துணியைச் சோதிக்கும் அளவுகோல் ஆகிவிட்டன. சேலை தட்டையாக இருக்கும்போதே படத்தை அதன்மேல் ஒட்டிவிட்டேன். பிறகு எந்த இடத்தில் துணி தவறாக நீண்டாலும் அங்கே கட்டம் பெரிதாகத் தெரியும். குறுக்கே இழுபட்டால் சதுரம் சாய்ந்து டைமண்ட் ஆகும். அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் அடுத்தடுத்து வருவதால் தூரத்திலிருந்தே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நிறப் பட்டுச் சேலையாக இருந்தால் இருபது சதவீதம் நீண்டிருந்தாலும் பளபளப்பில் தெரிந்திருக்காது. சேலை சிமுலேஷன் பழகுகிறவர்களுக்கு என் சிபாரிசு, கட்டம் போட்ட சேலையில் தொடங்குங்கள்.

அப்புறம் கட்டும் முறை. அப்பத்தாவிடம் கேட்டேன். "பொம்மைக்குச் சேலை கட்டவா என்னைய நிக்கச் சொல்ற?" என்று சிரித்துவிட்டு, உடுத்தியிருந்ததற்கு மேலேயே இன்னொரு சேலையை மெதுவாகக் கட்டிக் காட்டியது. பின்பக்கமிருந்து போனில் படம் பிடித்தேன். முன்கொசுவக் கட்டில் முதலில் சுற்று, கடைசியில் கொசுவம். இதில் தலைகீழ். முதலில் கொசுவத்தை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டு, மீதிச் சேலையை அதற்கு மேலாகவே இடுப்பைச் சுற்றி இறுக்குகிறது. அந்த இறுக்கம்தான் கொசுவத்தைப் பிடிக்கிறது. மடிப்பின் மேல்நுனி சுற்றுக்கு வெளியே மலர்ந்து நிற்கிறது. பின்னூசி எங்கேயும் இல்லை. "இறுக்கிச் சுத்தலைன்னா நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள அவுந்து போயிரும்த்தா" என்றது. முழு வேலையிலும் எனக்கு மிகவும் பயன்பட்ட குறிப்பு அதுதான்.

கணினியில் இதை இரண்டு கட்டமாகச் செய்தேன். மேலிருந்து பார்த்தால் சேலை எப்படி ஓடுகிறதோ அப்படி ஒரு கோடு வரைந்துகொண்டேன். தொடக்கத்தில் பின்பக்கம் வளைந்து வளைந்து போகும் ஆறு கொசுவம், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 24 செ.மீ. துணி, ஆக 1.44 மீட்டர். பிறகு உடம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒன்றரைச் சுற்று. கர்வ் மாடிஃபையரால் தட்டைச் சேலையை அந்தக் கோட்டின் வழியே வளைத்து, அந்த நிலையை ஷேப் கீயாக, அதாவது துணியின் இன்னொரு வடிவமாகச் சேமித்தேன். மீதம் இரண்டரை மீட்டர் அளவுக்கு இருந்தது. அதை ஹூக் (புள்ளிகளைப் பிடித்து இழுக்கும் கொக்கி) வைத்துப் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த் தோளில் போட வேண்டும். ஹூக்கின் பாதையை அப்பத்தாவின் கை போன வழியிலேயே அமைத்தேன். வேறு குறுக்கு வழிகளில் முந்தானை முறுக்கிக்கொண்டது.

இதில் மறக்கக்கூடாத அமைப்பு ஒன்று உண்டு. துணியின் இயல்பு நிலை எது என்று கேட்கும் இடத்தில், ரெஸ்ட் ஷேப் கீ என்ற பெட்டியில், தட்டையான முதல் வடிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வளைத்து மடித்த வடிவத்தையே துணி தன் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். வளைக்கும்போது மூலைகளில் வந்த நீட்சியும் கசங்கலும் அப்படியே நின்றுவிடும். தட்டையைக் கொடுத்ததும் சில ஃபிரேம்களில் கட்டங்கள் எல்லாம் சரியான சதுரங்களாக வந்து அமர்ந்தன.

இடுப்பு இறுக்கத்துக்கு உராய்வை மட்டும் நம்ப முடியவில்லை. உராய்வு எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் சேலை மெல்ல மெல்ல வழுக்கி இறங்கியது. அப்பத்தா சொன்னதுபோல இறுக்கத்தான் வேண்டும். இடுப்பைச் சுற்றி வரும் நான்கு விரல் அகலத்துக்கு வெர்டெக்ஸ் குரூப் (தேர்ந்தெடுத்த புள்ளிகளின் தொகுப்பு) வரைந்து, அந்தப் பகுதி மட்டும் நான்கு சதவீதம் சுருங்கும்படி வைத்தேன். துணி தானே இறுகி, உள்ளேயிருந்த கொசுவத்தைக் கவ்விக்கொண்டது. உள்முனையில் மட்டும் கொஞ்சம் புள்ளிகளை ஊசி குத்தியதுபோல் நகராமல் உடம்போடு ‘பின்’ (pin) செய்திருக்கிறேன். அப்பத்தா கட்டில் அங்கே ஒரு முடிச்சு இருப்பதால் இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

அடுத்த தலைவலி தடிமன். பிளெண்டரில் துணியின் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நடுவே விடும் இடைவெளி தானாக 1.5 செ.மீ. ஒரு சட்டைக்கு அது பெரிய விஷயமில்லை. பின்கொசுவத்தில் ஆறு கொசுவத்துக்குப் பன்னிரண்டு அடுக்கு. பெருக்கிப் பாருங்கள், 18 செ.மீ. அந்தம்மாளுக்குக் காளைத் திமில் முளைத்ததுபோல் ஆகிவிட்டது. இடைவெளியை 3 மி.மீ. ஆக்கியதும் மூன்றரை செ.மீ. சொச்சத்துக்கு வந்தது. இந்த இடைவெளி எப்போதும் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு துணி வெடித்துச் சிதறும். உடம்புக்கான மோதல் தடிமனையும் 2 செ.மீ.யிலிருந்து அரை செ.மீ.க்குக் குறைத்தேன்.

விறைப்பு விஷயத்தில் பிளெண்டர் தரும் பருத்தி அமைப்பு எனக்குத் திருப்தி இல்லை. அது மெல்லிய வாயில் (voile) துணி மாதிரி தொங்குகிறது. கஞ்சி போட்ட கண்டாங்கியைத் தூக்கி வைத்தால் தானே பாதி நிற்கும். வளைவு விறைப்பை 0.5இலிருந்து 2க்கு ஏற்றினேன், கரைக்கு மட்டும் தனி குரூப் போட்டு 5. சாய்வுக்கான எண்ணைக் குறைத்தேன், ஏனென்றால் நெய்த துணி பாவிலும் ஊடையிலும் நீளாது, மூலைவாட்டில் மட்டும் கொஞ்சம் இளகும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் கொசுவத்தின் கீழ்ப்பகுதி குழைந்து தொங்காமல் வரிவரியாக நின்றது. ரவிக்கை? இரண்டு துண்டு, ஓரங்களை இழுத்துச் சேர்க்கும் தையல் சுருள், ஒரு மாலையில் முடிந்தது. தைத்த ஆடை என்றால் இவ்வளவுதான்.

நடக்கவிட்டபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. நிற்கும்போது அழகாக இருந்த சேலையில், இரண்டாவது எட்டிலேயே வலது முழங்கால் மேல் கட்டங்கள் விரிந்து பெரிதாயின. விறைப்பைக் கூட்டினால் இடுப்புச் சுற்று கழன்றது. காரணம் துணியிலேயே இல்லை. உடம்பு தள்ளினால் துணி நகரும். துணி இழுத்தால் உடம்பு நிற்காது. சிமுலேஷனில் மோதல் ஒருவழிதான். நிஜத்தில் சேலை கட்டியவர் எட்டு வைக்கும்போது துணி தடுக்கும், அவர் தன்னை அறியாமலே எட்டைச் சுருக்குவார். என் உருவமோ பேண்ட் போட்டவர் நடை ஒன்றை நடந்துகொண்டிருந்தது. அப்பத்தா நடப்பதை மறுபடி படம் பிடித்துப் பார்த்தேன். எட்டு குட்டை, இடுப்பு கொஞ்சம் அசைகிறது, வாசல்படி ஏறும்போது ஒரு கை தானாகச் சேலையைத் தொட்டுத் தூக்குகிறது. நடையின் எட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்ததும் கட்டங்கள் சதுரத்துக்குத் திரும்பின. ஒரு அமைப்பும் மாற்றவில்லை.

முன்கொசுவக் கட்டையும் ஒப்பிடுவதற்காகச் செய்து பார்த்தேன். நடைக்குப் பின்கொசுவம்தான் எளிது என்பது என் முடிவு. முன்னால் கொசுவம் இருந்தால் ஒவ்வொரு எட்டிலும் இரண்டு முழங்காலும் அதற்குள் புகுந்து மடிப்புகளைப் பிசைகின்றன, துணியோடு துணி மோதும் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. பின்கொசுவத்தில் முன்பக்கம் ஒற்றை விரிப்பு, மடிப்பெல்லாம் பின்னால் தன்பாட்டுக்கு ஆடுகிறது. போதாததற்கு அப்பத்தா கணுக்காலுக்கு மேலே கட்டுவதால் சேலை தரையைத் தொடுவதே இல்லை. தரையோடு மோதும் கணக்கையே எடுத்துவிட்டேன்.

இப்போது நடைக் காட்சி முழுவதும் கணக்கிட்டு வட்டில் சேமித்தாயிற்று. அப்பத்தாவிடம் காட்டினேன். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகாமல் விட்டிருக்கிறேன் என்றது. "வேலை செய்ற பொம்பளை முந்தியத் தொங்க விட்டுட்டுத் திரியுமாக்கும்?" சரி, அது நியாயம்தான். இன்னொரு ஹூக், இன்னொரு ‘பின்’ (pin) குரூப் சேர்க்க வேண்டும்.

திண்ணையில் உட்காரும் காட்சி இன்னும் கைகூடவில்லை. தொடைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டும் துணியை இரண்டு பக்கமும் தள்ளுவதால் அது எங்கே போவதென்று தெரியாமல் நடுங்குகிறது. உட்காரும் ஃபிரேம்களில் மட்டும் திண்ணையின் மோதல் உருவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு செ.மீ. இறக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முந்தானையைச் செருகி முடித்ததும் அதைத்தான் எடுக்கப்போகிறேன். வளவில் காற்று வீசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.